ஆண் மீன் எத்தனை என்று எழுதிக் கொடுங்கள்

கெளுத்திக் குஞ்சு பொரிப்பகம் நடத்துவோருக்கும், அந்தக் குஞ்சுகளுக்குத் தரச்சான்று வழங்கும் அதிகாரிகளுக்கும்,

புதிய சான்றுப் படிவத்தில் தாய்மீன் (குஞ்சு எடுக்க வைத்திருக்கும் ஆண், பெண் பெற்றோர் மீன்) பதிவேடு என்ற பக்கம் "விருப்பமிருந்தால் நிரப்பலாம்" என்று மாறிவிட்டது. குஞ்சின் எண்ணிக்கை, சராசரி நீளம், நோய் அறிகுறி இல்லை என்ற ஒரு வரி, இவை மட்டும்தான் இனிக் கட்டாயம். பொரிப்பகங்கள் கேட்டுக்கொண்டதால் இந்தத் தளர்வு என்றும், பதிவேடு எழுதுவது ஆளை விழுங்கும் வேலை என்றும் காரணம் சொல்கிறீர்கள். குஞ்சு வாங்கி வளர்க்கும் எங்களால் இதைப் பேசாமல் ஏற்க முடியவில்லை. ஆறு மாதம் கழித்து எங்கள் குளத்தில் என்ன நடக்கப்போகிறது என்பதைச் சொல்லக்கூடிய ஒரே பக்கம் அதுதான்.

முட்டை சரியாகக் கருவுறவில்லை என்றால் முதலில் பழி விழுவது ஊசி மருந்தின்மேல். போலி மருந்து, வெயிலில் கிடந்த மருந்து, அளவு போதவில்லை என்று மூன்றில் ஒன்று. அடுத்த முறை அரை மில்லி முக்கால் மில்லியாகிறது. அந்த மருந்து செய்யும் வேலை என்ன? அடைத்து வளர்க்கும் ஆப்பிரிக்கக் கெளுத்திப் பெண், முட்டைக்குள் மஞ்சள் கருவைச் சேர்த்து முடிக்கும். அந்த இடத்தில் நின்றுவிடும். புதுவெள்ளமும், வெள்ளம் ஏறிய புல்தரையும் தொட்டியில் இல்லை. அதனால் முட்டையை முதிர்த்து உதிர்க்கும் கட்டளை மூளையிலிருந்து வருவதில்லை. வர முயன்றாலும் மூளையில் சுரக்கும் டோபமைன் என்ற வேதிப்பொருள் அதை அமுக்கிவிடும். சந்தையில் கிடைக்கும் ஓவாப்ரிம் வகை மருந்தில் ஒரு மில்லிக்கு 20 மைக்ரோகிராம் செயற்கைத் தூண்டு ஹார்மோனும் 10 மில்லிகிராம் டாம்பெரிடோனும் இருக்கின்றன. முன்னது கட்டளை. பின்னது டோபமைனின் பிடியைத் தளர்த்துகிறது. கிலோ எடைக்கு அரை மில்லி போதும். கெண்டையின் உலர்ந்த பிட்யூட்டரி (மூளையடிச் சுரப்பி) என்றால் கிலோவுக்கு 4 மில்லிகிராம் அளவு. இரண்டுமே ஏற்கெனவே தயாராகிவிட்ட முட்டையை வெளியே கொண்டுவருகின்றன, அவ்வளவுதான். உள்ளே சேராத சத்தை எந்த ஊசியும் சேர்க்காது.

அந்தச் சத்து சேர்வது ஊசிக்கு முந்தைய மாதங்களில். தாய்மீனுக்கு 35 முதல் 40 சதவீதம் புரதம் உள்ள தீவனம் வேண்டும். வைட்டமின் சி, ஈ இரண்டும் குறையக் கூடாது. கொழுப்பு கெட்டுச் சிக்கு வாடை வீசும் பழைய மூட்டையைத் தொடவே கூடாது. நடைமுறையில் வளர்ப்புக் குளத்துக்கு ஒதுக்கிய தீவனத்தில் மிஞ்சியதும் கோழிக்கழிவும்தான் தாய்மீன் தொட்டிக்குப் போகின்றன. மீன் கொழுக்கிறது, வயிறு உப்புகிறது, சினை என்று எண்ணி ஊசி போடுகிறார்கள். உள்ளே இருப்பது குடலைச் சுற்றிய கொழுப்பும் முதல் நாள் தின்ற இரையும். ஒரு நாள் பட்டினி போட்டபின் வயிற்றைத் தொட்டால் பாதிப் பேரின் சந்தேகம் தீர்ந்துவிடும். மீதிக்கு ஒரு மெல்லிய குழாய் போதும். சினைத்துளை வழியே உறிஞ்சி எடுத்த முட்டைகள் ஒரு மில்லிமீட்டருக்குக் குறையாமல், ஒரே அளவில், ஒன்றோடொன்று ஒட்டாமல் உதிர வேண்டும். இன்னும் உறுதி வேண்டுமென்றால் ஆல்கஹால் 6, ஃபார்மலின் 3, அசெட்டிக் அமிலம் 1 என்ற விகிதக் கலவையில் சில நிமிடம் போட்டால் முட்டை தெளிந்து உட்கரு தெரியும். உட்கரு நடுவில் நின்றால் மீனைத் திரும்பத் தொட்டியில் விடுங்கள். விளிம்பை நோக்கி நகரத் தொடங்கியிருந்தால் ஊசி போடலாம். இத்தனைக்கும் பதிவேட்டில் பிடிக்கும் இடம் ஒரு கட்டம்.

அடுத்தது நேரம். பிட்யூட்டரி ஊசிக்கும் முட்டை பிழிவதற்கும் இடையே எத்தனை மணி என்பதைத் தண்ணீரின் வெப்பம்தான் முடிவு செய்கிறது. ஆப்பிரிக்கக் கெளுத்திக்கு 20 டிகிரியில் சுமார் 21 மணி நேரம், 25 டிகிரியில் 11, 28 டிகிரியில் 8, 30 டிகிரியில் 7. மாலை 6 மணிக்கு ஊசி போட்டுத் தண்ணீர் 28 டிகிரி என்றால் முட்டை அதிகாலை 2 மணிக்குத் தயார். ஆயத்த மருந்துக்குச் சற்றுக் கூடுதல் நேரம் ஆகும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆள் வருவது காலை 8 மணிக்கு. இடைப்பட்ட நேரம் முழுக்க, உதிர்ந்த முட்டை தாயின் வயிற்றுக்குள்ளேயே அளவுக்கு மீறிப் பழுத்துக் கிடக்கிறது. அதில் ஒரு பகுதி கருவுறும், பொரிக்கவும் செய்யும். பொரிப்பதில் வால் வளைந்தது, இதயப் பை வீங்கியது, மஞ்சள் கரு தீர்ந்ததும் தீவனத்தைத் தேடாமல் அடியில் சாய்ந்து கிடப்பது என்று பல ரகம். ஊசி போட்ட மணி, தண்ணீரின் வெப்பம், பிழிந்த மணி, இந்த மூன்று எண்கள் எழுதப்பட்டிருந்தால், கோணல் வாலுக்குக் காரணம் நேரமா, பெற்றோரின் நெருங்கிய உறவா என்று பிரித்தறியலாம். இப்போது எல்லாக் கோணலுக்கும் "உங்கள் தண்ணீர் சரியில்லை" என்ற ஒரே பதில் கிடைக்கிறது. எங்கள் தண்ணீர் சரியில்லாத நாளும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் குளத்தில் இறக்கும் முன்பே பையிலேயே வளைந்திருக்கும் முதுகெலும்புக்கு எங்கள் தண்ணீரைக் காரணம் காட்ட முடியாது.

கிண்ணத்தில் நடப்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் கண்ணெதிரே அதிகம் பாழாவது அங்கேதான். நன்னீர் மீனின் விந்தணு விந்தகத்துக்குள் அசையாமல் தூங்கிக்கொண்டிருக்கும். நன்னீர் பட்ட நொடியில் விழித்து, ஒரு நிமிடத்துக்குள் ஓடி ஓய்ந்துவிடும். முட்டையின் நுண்துளையும் தண்ணீர் பட்டபின் ஏறக்குறைய அதே நேரத்துக்குள் மூடிக்கொள்ளும். ஆகவே மீனின் வயிற்றைத் துணியால் ஒற்றி, கையைத் துடைத்து, காய்ந்த கிண்ணத்தில் முட்டையைப் பிழிய வேண்டும். விந்தகத்தை அறுத்து வெளியே எடுத்ததும் அதன்மேல் ஒட்டியுள்ள இரத்தத்தைத் துடைக்க வேண்டும். குழாயடியில் கழுவினால் விந்து அங்கேயே செத்தது. நீர்க்க வைக்க, லிட்டருக்கு 9 கிராம் உப்புக் கரைத்த காய்ச்சி வடித்த நீர். முட்டையோடு விந்தைக் கலந்தபிறகே, முட்டையின் அளவுக்குச் சமமாகத் தண்ணீர் ஊற்றி, கோழி இறகால் ஒரு நிமிடம் மெல்லக் கிளறி, உடனே ஒற்றை அடுக்காகப் பரப்ப வேண்டும். மீனைத் தூக்கிப் பிடிப்பவரின் முழங்கையிலிருந்து சொட்டும் நாலு சொட்டுத் தண்ணீர் கிண்ணத்தின் ஓரத்தில் விழுகிறது. அந்த ஓரத்து முட்டைகள் மறுநாள் காலை திட்டாக வெளுத்திருக்கும். "விந்து சரியில்லை" என்று ஆண் மீனைக் குறை சொல்லி முடித்துவிடுவார்கள்.

இனி இந்த மடலை எழுத வைத்த விஷயம். ஒரு கிராம் கெளுத்தி முட்டையில் 600 முதல் 700 வரை எண்ணிக்கை. ஒரு பெண்ணிடம் 100 கிராம் பிழிந்தால் அறுபது எழுபதாயிரம் முட்டை. ஓர் ஆணின் விந்தகத்தில் இருப்பதோ பல பெண்களின் முட்டைக்குப் போதுமான விந்து. கணக்கு லேசாக இருப்பதால் "இருபது பெண்ணுக்கு ஓர் ஆண் போதும்" என்பது பொரிப்பகங்களில் எழுதாத சட்டமாகிவிட்டது. கருவுறுவதற்கு அது போதும்தான். அந்தக் குஞ்சுகளிலிருந்தே அடுத்த தாய்மீனை எடுக்கும்போது போதாது.

இதைக் கணக்காகவே காட்டலாம். ஒரு தலைமுறையின் பயனுள்ள பெற்றோர் எண்ணிக்கையைக் காண, ஆண்களையும் பெண்களையும் பெருக்கி, அதை நான்கால் பெருக்கி, மொத்தத் தலைகளால் வகுக்க வேண்டும். 1 ஆண், 20 பெண் என்றால் வருவது 3.8. தொட்டியில் 21 மீன் நிற்கிறது. மரபுக் கணக்கில் நான்குகூட இல்லை. உள்ளினக் கலப்பு, அதாவது நெருங்கிய உறவுக்குள் கூடுவது, ஒரு தலைமுறையில் எவ்வளவு ஏறும் என்றால், 1 ஐ அந்த எண்ணின் இரட்டிப்பால் வகுக்க வேண்டும்: 13 சதவீதம். ஒரே தந்தைக்கு வெவ்வேறு தாயிடம் பிறந்த பிள்ளைகளைத் தங்களுக்குள் கூட்டினால் வரும் அளவைவிட இது சற்று அதிகம். இப்படியே இரண்டு தலைமுறை போனால் கிட்டத்தட்ட 25 சதவீதம், அதாவது ஒரே தாய்க்கும் தந்தைக்கும் பிறந்த பிள்ளைகளைக் கூட்டிய நிலை. வெதுவெதுப்பான தண்ணீரில் ஆப்பிரிக்கக் கெளுத்தி ஓராண்டுக்குள்ளேயே பருவமடைந்துவிடும், ஆகவே இரண்டு தலைமுறைக்கு நெடுங்காலம் பிடிக்காது. அதே 20 பெண்ணுக்கு 3 ஆண் வைத்தால் 4.8 சதவீதம். 10 ஆண், 10 பெண் என்றால் 2.5. 25 ஆணும் 25 பெண்ணும் என்றால் 1 சதவீதம். 10 ஆண், 10 பெண் வைக்கும்போது தொட்டியின் எண்ணிக்கை 21 லிருந்து 20 ஆகக் குறைந்தும், பாதிப்பு ஐந்தில் ஒரு பங்குக்கு இறங்குவதைக் கவனியுங்கள். கூடுதல் தொட்டி கேட்கவில்லை. அதே இடத்தில் பெண்ணைக் குறைத்து ஆணைக் கூட்டச் சொல்கிறோம்.

உள்ளினக் கலப்பு முதலில் கைவைப்பது இனப்பெருக்கத்தில்தான். கருவுறுதல் குறையும், பொரிப்பு குறையும், பொரித்ததில் முதல் வாரம் தாண்டுவது குறையும். பொரிப்பகம் அதை அதிக முட்டை பிழிந்து ஈடுகட்டிவிடுகிறது. எங்களால் ஈடுகட்ட முடியாது. ஒரே நாளில் இறக்கிய குஞ்சு ஒரே தீவனத்தில் தாறுமாறாக வளர்கிறது. கெளுத்தியில் அளவு வேறுபாடு என்றாலே பெரியது சிறியதைத் தின்பது என்று பொருள்.

தின்று வளர்ந்த அந்தப் பெரிய மீன்கள்தான் பல இடங்களில் அடுத்த தாய்மீன் என்பது இன்னொரு வேடிக்கை. எல்லாவற்றையும் முந்தி வளர்ந்தது என்று எடுத்து வைக்கிறார்கள். அது முந்தியது மரபாலா, உடன்பிறந்ததைத் தின்றதாலா என்பது யாருக்கும் தெரியாது. அதோடு ஒரே ஈட்டில், அதாவது ஒரே முறை பிழிந்து பொரித்த குஞ்சுக் கூட்டத்தில், பொறுக்கியெடுத்தவை ஒரே தந்தையின் மக்களாக இருக்கவே வாய்ப்பு அதிகம். வயது, ஈடு, பெற்றோர் எழுதிய பதிவேடு இல்லாமல் தாய்மீன் பொறுக்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு பொறுக்குவதுதான்.

"நாங்கள் மூன்று ஆணின் விந்தைக் கலந்துதான் ஊற்றுகிறோம்" என்று சில பொரிப்பகத்தார் சொல்கிறார்கள். நோக்கம் நல்லது, முறை பிசகு. ஒரே கிண்ணத்தில் கலந்தால் மூன்றும் சமமாகப் பங்கு பெறாது; வேகமும் செறிவும் கூடிய விந்து பெரும்பகுதியைத் தட்டிச்செல்லும். பெயருக்கு மூன்று தந்தை, பிறப்பில் ஒன்றரை. முட்டையை மூன்று கிண்ணமாகப் பிரித்து, கிண்ணத்துக்கு ஓர் ஆண் என்று கருவுறச் செய்து, அதன்பிறகு சேர்த்துக்கொள்ளுங்கள். கூடுதல் செலவு இரண்டு கிண்ணம்.

ஆணைக் கூட்டத் தயங்குவதன் காரணம் எங்களுக்குப் புரியாமல் இல்லை. ஆப்பிரிக்கக் கெளுத்தியின் விந்தகத்தோடு விரல்விரலாக நீளும் விந்துப்பைகள் இருப்பதால், பங்காசியஸ் கெளுத்தி ஆணைப்போல வயிற்றை அழுத்தி விந்து எடுக்க முடியாது. விந்தகத்தை எடுக்க மீனைக் கொல்ல வேண்டியிருக்கிறது. நன்கு வளர்த்த ஆணை ஒரு நாள் வேலைக்காக அறுக்க யாருக்கும் மனம் வராது; அறுத்துப் பார்த்தபின் விந்தகம் மெலிந்து நிறமற்று இருந்தால் அந்த மீனும் வீண். ஆனால் வழி இருக்கிறது. வயிற்றைச் சிறிதாகக் கீறி விந்தகத்தின் ஒரு பகுதியை மட்டும் வெட்டியெடுத்துத் தைத்துவிட்டால் மீன் பிழைக்கும், விந்தகம் மீண்டும் வளரும். கொன்றே எடுத்தாலும் உப்புக் கரைசலில் நீர்த்த விந்தை 4 டிகிரி குளிரில் ஒரு நாள் வைத்துக்கொள்ளலாம். ஓர் ஆணின் விந்தைக் குறைவாக எடுத்து மீதியை மறுநாள் பெண்களுக்குப் பயன்படுத்தினாலே ஆண்களின் எண்ணிக்கை வீணின்றிக் கூடும்.

கருவுறு விகிதம் என்று நீங்கள் சொல்லும் எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. கருவுறாத முட்டை உடனே வெளுத்துவிடாது. சில மணி நேரம் மற்றதைப் போலவே தெளிவாக இருக்கும். பரப்பிய இரண்டாம் மணியில் எண்ணினால் எல்லாமே கருவுற்றதுதான். 28 டிகிரியில் பொரிக்க ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். பாதி நேரம் கழிந்து கருவின் தலையும் வாலும் தெரியத் தொடங்கியபின் எண்ணும் எண்ணே எண். இன்னொன்று: வளர்ந்த கெளுத்தி மேலே வந்து காற்றைக் குடிக்கும், அதனால் எந்தத் தண்ணீரும் தாங்கும் என்ற நினைப்பு பொரிப்புத் தொட்டிக்கும் தொற்றிக்கொள்கிறது. முட்டைக்கும் புதுக்குஞ்சுக்கும் காற்றைச் சுவாசிக்கும் அந்த உறுப்பு கிடையாது. தேங்கிய நீரில் அவை மூச்சுத் திணறிச் சாகும். செத்த முட்டையில் பூஞ்சை போன்ற சாப்ரோலெக்னியா பிடித்து, பஞ்சாகி, பக்கத்து உயிர் முட்டையையும் மூடும். இதற்கு மருந்து மாலகைட் பச்சை என்ற சாயம் அல்ல. உணவு மீனில் அதைப் பல நாடுகள் தடை செய்திருக்கின்றன. ஓடும் நீரும், ஒற்றை அடுக்கும், வெளுத்ததை நேரத்தில் அகற்றுவதும்தான்.

கடைசியாக இனம். ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்கவே தடை உள்ள இந்தியா போன்ற நாடுகளில் "நாட்டுக் கெளுத்தி" என்ற பெயரில் கைமாறும் குஞ்சு எந்த இனம், எந்தக் கலப்பு என்பதை விரலளவில் கண்ணால் பார்த்துச் சொல்வது கடினம். தாய்லாந்தில் ஆப்பிரிக்க ஆணையும் உள்ளூர் அகன்ற தலைக் கெளுத்திப் பெண்ணையும் கலந்து பெருமளவில் வளர்த்தார்கள். அந்த நாட்டின் காட்டுக் கெளுத்திக்குள் ஆப்பிரிக்க மரபணு புகுந்தது ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. கலப்பினத்தைத் தெரியாமல் தாய்மீனாக நிறுத்தினால் அதன் சினையும் விந்தும் ஏமாற்றும். ஆண்டுக்கணக்கில் தீவனம் போட்டபின்தான் அது தெரியவரும்.

பதிவேடு ஆளை விழுங்கும் என்கிறீர்கள். ஓர் ஈட்டுக்கு ஒரு வரி, அதில் பத்துப் பன்னிரண்டு கட்டம். எடை பார்க்கும் நேரத்தில் எழுதி முடிக்கலாம். எங்கள் பக்கத்திலும் குறை உண்டு: விலை குறைந்த குஞ்சு எது என்று மட்டும் கேட்டு வாங்கி, பொரிப்பகங்களை இந்த நிலைக்குத் தள்ளியவர்களில் நாங்களும் இருக்கிறோம். எழுதிக் கொடுக்கும் குஞ்சுக்குக் கூடுதல் விலை கொடுக்கத் தயாராக இருப்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம்.

சான்று வழங்கும் அதிகாரிகளிடம் நாங்கள் கேட்பது: அடுத்த இனப்பெருக்கப் பருவம் தொடங்கும் முன் தாய்மீன் பதிவேட்டை மீண்டும் கட்டாயமாக்குங்கள். பெற்றோரின் இனம், அவை வந்த இடம், வயது, ஆண் எத்தனை, பெண் எத்தனை, ஊசி மருந்தும் அளவும், ஊசி நேரம், நீர் வெப்பம், பிழிந்த நேரம், பாதி அடைகாப்பில் எண்ணிய கருவுறு விகிதம், தீவனம் எடுக்கத் தொடங்கிய நாளில் உயிரோடிருந்த குஞ்சு ஆகியவை அதில் இருக்க வேண்டும். அந்த வரியின் நகல் ஒவ்வொரு குஞ்சுப் பையோடும் எங்களுக்கு வர வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை முன்னறிவிப்பின்றி வந்து, தொட்டியில் நிற்கும் ஆண்களை எண்ணிப் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். இனத்தில் சந்தேகம் வந்தால் மரபணுச் சோதனைக்கு அனுப்பும் அதிகாரத்தையும் செலவையும் நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்.

பொரிப்பகம் நடத்துவோரிடம்: விற்பனைக் குஞ்சு எடுக்கும் ஈடு வேறு, தாய்மீன் எடுக்கும் ஈடு வேறு என்று பிரித்துவிடுங்கள். விற்பனை ஈட்டில் ஆணைக் குறைத்தாலும் எழுதி வையுங்கள், குறை சொல்ல மாட்டோம். தாய்மீனுக்கான ஈட்டில் 25 ஆண், 25 பெண்ணுக்குக் குறையாமல் வைத்து, ஒவ்வோர் இணையிலிருந்தும் சம எண்ணிக்கையில் குஞ்சு எடுத்து வளருங்கள். அத்தனை மீன் ஒரே இடத்தில் முடியாது என்றால் நான்கைந்து பொரிப்பகங்கள் சேர்ந்து, நோய்ச் சோதனை முடித்த ஆண்களை மாற்றிக்கொள்ளுங்கள். தாய்மீன் ஒவ்வொன்றுக்கும் தோலடி மின்குறி (மீனைத் தனித்தனியே அடையாளம் காட்டும் சிறு சில்லு) போடுங்கள். ஒருமுறை பிழிந்த பெண்ணை ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் மறுபடி தொடாதிருக்க அந்தக் குறி இல்லாமல் வழியில்லை. கோணல் வால் குஞ்சு உள்ள ஈட்டைப் பை கட்டும் முன் நிறுத்தி, பிழிந்த நேரத்தைச் சரிபார்த்துவிட்டு, எங்களுக்குத் தகவல் சொல்லுங்கள். இந்த விவரங்கள் எழுதிய சீட்டு இல்லாத பையை வரும் பருவத்திலிருந்து நாங்கள் இறக்கிக்கொள்ளப் போவதில்லை. எழுத்தில் உங்கள் பதிலை அதற்கு முன் எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
கெளுத்திக் குஞ்சு வாங்கி வளர்ப்போர்